ஊர்களை நீலமாக்கிய கதை

திருவனந்தபுரத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஒரு சர்க்கார் ஆபீஸின் தபால் செக்‌ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் கட்டுரை எழுதும் கிறுக்கு. என் வயதுக்காரிகள் தையல் வகுப்பு, யோகா, மாடித்தோட்டம் என்று வேறு வேறு வியாதிகளில் விழுந்தபோது நான் இதில் விழுந்தேன்.

இப்போது யோசித்தால், அந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் என் ஓய்வுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் ரிட்டயர் ஆனதும் ஆரியசாலையில் இருக்கும் இரும்புச் சாமான் கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, வள்ளியூருக்குத் தெற்கே இருக்கும் அவருடைய ஊருக்குப் போய்விடுவது என்பது அவர் திட்டம். அங்கே பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு. தை பிறந்ததும் அஸ்திவாரம். அவருடைய தம்பி மகன் கொத்தனாரிடம் பேசிவிட்டான். கல்யாணம் ஆன நாள் முதல் "கடைசி காலத்துல ஊருக்குப் போயிரணும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் முப்பத்து நாலு வருஷமாக "ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது அது. இப்போது செங்கல் வரைக்கும் வந்துவிட்டது.

எனக்குப் போக இஷ்டமில்லை. அந்த ஊரில் நான் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு மாதம் தேறாது. ஆனால் "ஆகட்டும்" என்று இத்தனை வருஷம் சொன்ன வாயால் "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறக்கப் பயந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எழுதச் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் இலவச வகுப்பு வைத்தார்கள். ஒன்பது பேர் வந்திருந்தோம். அதில் நாலு பேர் இடைவேளையில் வடை தின்றதும் கிளம்பிவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த பெண் ஒல்லியாக, மிகவும் பொறுமையாக இருந்தாள். ஒரு ஊர்ப்பெயரின் முன்னால் இரண்டு சதுர அடைப்புக்குறி, பின்னால் இரண்டு சதுர அடைப்புக்குறி போடுங்கள் என்றாள். போட்டேன். சேமியுங்கள் என்றாள். சேமித்தேன். கறுப்பாக இருந்த "நாகர்கோவில்" நீலமாகிவிட்டது. அதைத் தொட்டால் நாகர்கோவிலைப் பற்றிய பக்கம் திறந்தது. டிக்கெட் இல்லாமல், களியக்காவிளை செக்போஸ்டில் நிற்காமல், நாகர்கோவில். எனக்குப் புல்லரித்துவிட்டது.

என் உத்தியோகமும் கிட்டத்தட்ட இதுதான். காலையில் மூட்டையாகத் தபால் வரும். உறையில் இருக்கும் ஊரைப் பார்த்து, இது எந்த செக்‌ஷனுக்கு, எந்த சீட்டுக்கு என்று முடிவுசெய்து அனுப்ப வேண்டும். மலையாளத்தில் கிறுக்கியிருந்தாலும் சரி, மழையில் பாதி கரைந்திருந்தாலும் சரி, ஊர்ப்பெயர் விஷயத்தில் நான் தவறியதில்லை. ஆகவே ஊர்ப்பெயரை எங்கே அனுப்புவது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற கர்வத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

முதல் கட்டுரைக்கு எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டேன். ஆரியசாலையில், சாலை பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்து. கீழே கடைகள், மேலே வீடுகள். எங்கள் வீடு எங்கள் கடைக்கு மேலே. எதிரில் மிளகாய் மண்டி. சந்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் விலாசம் கேட்பார்கள். இதையெல்லாம் எழுதி, கண்ணில் பட்ட ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் அடைப்புப் போட்டேன். திருவனந்தபுரம் எட்டு இடத்தில் வந்தது, எட்டுக்கும் போட்டேன். கேரளாவுக்குப் போட்டேன், இந்தியாவுக்குப் போட்டேன். கை ஓயாமல் மிளகாய்க்கும் ஆணிக்கும் மழைக்கும் போட்டேன். பக்கம் முழுக்க நீலம் கொட்டின மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் நீலத்தில் முக்கால்வாசி காணோம். யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே ஒரு குறிப்பு. "வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. ஓர் ஊர்ப்பெயருக்குக் கட்டுரையில் முதல் முறை மட்டும் இணைப்புத் தந்தால் போதுமானது. எல்லோரும் அறிந்த நாடுகளுக்கும் அன்றாடச் சொற்களுக்கும் இணைப்புத் தேவையில்லை. வாசகருக்கு உதவும் இடத்தில் மட்டும் தருக." எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டில் இருக்கிறார் என்று எதுவும் தெரியாது. நான் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் ஆபீஸ் பாஷை வந்துவிடும். "மேற்படி விஷயம் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இணைப்புகள் நீக்கப்பட்டதற்கான காரணத்தை இன்னும் விளக்கமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று பதில் போட்டேன். இந்த மாதிரிக் கடிதம் போனால் எங்கள் ஆபீஸில் ஆறு மாதம் சத்தம் இருக்காது. கத்தரி அரைமணி நேரத்தில் பதில் போட்டார். அதுவும் ஒரு முழுப் பாடம்.

கசப்பு மருந்து மாதிரி ஒவ்வொன்றாக விழுங்கினேன். ஊர், மாவட்டம், மாநிலம் என்று வரிசையாக மூன்றுக்கும் இணைப்புப் போட்டால் வாசிப்பவருக்கு எதைத் தொடுவது என்று தெரியாது, இருப்பதில் சின்ன இடத்துக்கு மட்டும் போடு. பெரியதற்கு அங்கிருந்து அவரே போய்க்கொள்வார். பேச்சில் வழங்கும் பெயர் ஒன்றாகவும் பக்கத்தின் தலைப்பு வேறாகவும் இருந்தால், உள்ளே தலைப்பை வைத்து, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, வெளியே நம் பெயரைக் காட்டலாம். இன்னும் பக்கம் எழுதப்படாத ஊருக்கு இணைப்புப் போட்டால் அது சிவப்பாக வரும், அது குற்றமில்லை, யாராவது ஒருநாள் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்ட இணைப்பை நீயே ஒரு தடவை தொட்டுப் பார், சரியான ஊருக்குத்தான் போகிறதா என்று.

கடைசி விதியை நான் மதிக்கவில்லை. முப்பது வருஷத் தபால்காரி எதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டும்? எதிர் மண்டி அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் புதூர். கட்டுரையில் அதையும் சேர்த்து, புதூர் என்று அடைத்துவிட்டேன். அவர் கடையில் நாலு பேர் நிற்கும்போது போனில் அதைத் தொட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் புதூர்கள் எத்தனை என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவருக்குத் திறந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு புதூர். பின்னால் மலை, முன்னால் வாழைத்தோப்பு, நல்ல ஒரு போட்டோ. நான் மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினேன்.

"பரவால்ல தங்கச்சி, மாத்தாண்டாம்" என்றார் அண்ணாச்சி. "இது நம்ம ஊரைவிட நல்லா இருக்கு. இதையே வச்சுக்கிடுவோம்."

மாற்றினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த இடத்தில் எங்கள் சந்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஒருவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஊர் சொல்லித்தான். "திசையன்விளைக்குக் காய்ச்சல்", "தக்கலை கடை தொறக்கல்லே", "வள்ளியூர் ஒரு கிலோ ஆணி கேட்டு ஆள் விட்டுது" என்றுதான் பேச்சு. இதில் பாதிப் பேர் அந்த ஊர்களில் பிறக்கவே இல்லை. அவர்களுடைய அப்பா பிறந்திருப்பார், சில பேருக்குத் தாத்தா. பிள்ளைகள் மலையாள மீடியத்தில் படித்து, மலையாளத்தில் சண்டை போட்டு, மலையாளத்தில் காதலித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பார்க்க வேண்டும். மூன்று தலைமுறைக்கு முன்னால் விட்டுவந்த ஊர் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் "தற்சமயம் திருவனந்தபுரம்". எண்பது வருஷமாகத் தற்சமயம்!

நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் ஆபீஸில் யாராவது "சேச்சியுடெ நாடு எவிடெயா?" என்று சொந்த ஊரைக் கேட்டால் என் வாயில் திருநெல்வேலி என்றுதான் வரும். அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அண்ணாச்சியின் புதூர் நீலமான செய்தி இரண்டு நாளில் சந்து முழுக்கப் பரவியது. பிறகு என்னால் படியிறங்கி ஒரு பால் பாக்கெட் வாங்க முடியவில்லை. "மேடம், நம்ம ஊரும் போட்டிருங்க." "எக்கா, அவாளுக்குப் போட்டிருக்கிய, நமக்கு இல்லையா?" எனக்கும் யாரிடமும் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லத் தெரியாது. கட்டுரையில் "தெருவின் வணிகர்கள்" என்று ஒரு பகுதி திறந்து, இன்ன கடை இன்ன ஊர் என்று பதினாலு ஊர்களை வரிசையாகப் போட்டேன். ஒவ்வொன்றும் முதல் முறைதான், ஒவ்வொன்றும் சின்ன இடம்தான், ஒவ்வொன்றையும் தொட்டும் பார்த்துவிட்டேன். கத்தரிக்கு வெட்ட ஓர் இழைகூட இல்லை என்று நினைத்தேன்.

பதினாலில் பதிமூன்று நீலம். ஒன்று மட்டும் சிவப்பு. அது என் வீட்டுக்காரருடைய ஊர்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து மேலே வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

"நம்ம ஊரு மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

"அதுக்கு இன்னும் யாரும் பக்கம் எழுதல்லே. அது ஒண்ணும் தப்பில்லை. யாராவது எழுதுவாங்க."

"தக்கலைக்கு இருக்கு. திசையன்விளைக்கு இருக்கு. மொளகாய்க்காரன் ஊருக்குகூட இருக்கு. நம்ம வீடு கட்டப்போற ஊருக்கு இல்லையா?"

"அது சின்ன ஊருல்லா."

"சின்ன ஊரா?" என்றார். அதற்குப் பிறகு காப்பி குடிக்கவில்லை. நிஜமாகவே அவர் மனசு நொந்திருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதே வாரம் கத்தரி வந்தார். இந்த முறை வெட்டவில்லை. கட்டுரையின் தலையில் ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போயிருந்தார். இந்தக் கட்டுரையை ஆரியசாலைக் கட்டுரையோடு இணைத்துவிடலாமா, ஏழு நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று. கீழே குறிப்பு. "தங்கள் உழைப்பைப் பாராட்டுகிறேன். இணைப்புகள் எல்லாம் விதிப்படி உள்ளன. ஆனால் இந்தத் தெருவைப் பற்றிய பக்கத்திலிருந்து வாசகர் பதினான்கு ஊர்களுக்குப் போக முடிகிறது. இந்தத் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் ஒன்றும் இல்லை. இங்கே வாழ்பவர்கள் யாரும் இந்த இடத்தைத் தங்கள் இடமாகக் கருதவில்லையா என்ற ஐயம் எழுகிறது. தெருவைப் பற்றி எழுதினால் மகிழ்வேன்."

அதை இரண்டு தடவை படித்தேன். முகம் தெரியாத ஒருவர், சந்தை ஒருநாள்கூடப் பார்க்காதவர், எங்கள் எல்லோரையும் ஆறே வரியில் பிடித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மழை. மதியச் சாப்பாடு முடிந்ததும் இவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, பெண் பார்க்கப் போகிற மாதிரி உட்கார்ந்தார்.

"நான் சொல்லுதேன். நீ நம்ம ஊரைப் பத்தி எழுது. செவப்பை மாத்திப்போடுவோம்."

சரி என்று ஒரு புதுப் பக்கம் திறந்தேன். அமைவிடம், நீர்நிலை, பள்ளி, போக்குவரத்து என்று தலைப்புகள் போட்டேன்.

"சொல்லுங்க. ஊரு எங்க இருக்கு?"

"வள்ளியூர்ல இறங்கி தெக்க போகணும்."

"எத்தனை கிலோமீட்டர்?"

"நடந்தா ஒரு மணி நேரம்."

"பஸ்?"

"நாங்கல்லாம் நடந்துதான் போவோம்."

அவர் பதினேழு வயதில் மாமா கடைக்கு வேலைக்கு என்று இங்கே வந்தவர். அந்தப் பையன் நடந்த நடையைத்தான் இவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது. இருந்தாலும் விடவில்லை, தபால் செக்‌ஷன் புத்தி.

"குளம் இருக்கா?"

"இருக்கே. வடக்க பெரிய குளம்."

"பேரு?"

கொஞ்சம் யோசித்தார். "குளம்னுதான் சொல்லுவோம்."

"எத்தனை வீடு இருக்கும்?"

"அப்போ ஒரு அம்பது அறுபது."

"இப்போ?"

போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, தம்பி மகனைக் கூப்பிட்டார். வீடு கட்ட மேற்பார்வை பார்க்கப் போகிறவன் அவன்தான். "ஏ டே, நம்ம ஊருக்கு எத்தனை பஸ் வருது?" என்று கேட்டார்.

"பஸ்ஸா? அது நின்னு போயி வருசம் ஆச்சே பெரியப்பா."

"தபாலாபீஸு?"

"அது எங்க இருந்துச்சு?"

"கோயிலுக்கு எதுத்தாப்புலடே!"

"தெரியல்ல பெரியப்பா. நான் வள்ளியூர்லல்லா இருக்கேன். வாரத்துக்கு ஒருக்கா வண்டியில போயிட்டு வர்றதுதான்."

போனை வைத்தார். திரையில் ஐந்து வரி இருந்தது. அதில் இரண்டு வரி வள்ளியூரைப் பற்றியது. கேலி செய்ய அருமையான சந்தர்ப்பம், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது மனம் வரவில்லை.

"போதும்," என்றார். "பிறவு எழுதலாம். உன் கட்டுரைக்கு என்னமோ பெட்டி மாட்டியிருக்கான்னு சொன்னியே, அது என்னாச்சு?"

"தெருவைப் பத்தி ஒண்ணும் இல்லைங்கறார். தெருவைப் பத்தி எழுதணும்."

"இந்தச் சந்துல எழுத என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே ஆரம்பித்தார்.

காலையில் முதல் லாரி எந்த முனையில் நிற்கும், ஏன் அந்த முனையில்தான் நிற்க முடியும், பின்பக்கமாக எடுக்கும்போது எந்தத் தூணில் இடிக்கும், அந்தத் தூண் எத்தனை தடவை இடிபட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் எந்தக் கடையின் படியில் முதலில் ஏறும், எத்தனை படி ஏறினால் எல்லோரும் சாக்குகளைப் பரணுக்கு ஏற்ற ஆரம்பிப்பார்கள். விழிஞ்ஞத்திலிருந்து மீன்கூடையோடு வரும் அம்மா தெற்கே இருந்து வந்தால் அன்று மத்தி, வடக்கே சுற்றிவந்தால் விற்காத நெய்மீன் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை ஆரம்பித்தபின் கடைக்கு யார் யார் வருகிறார்கள், அவர்கள் கேட்கும் போல்ட்டின் அளவு என்ன. மிளகாய் மண்டியில் எந்தக் கிழமை குண்டு மிளகாய் இறங்கும், அன்று சந்தில் யாரெல்லாம் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். சுமை தூக்குகிறவர்களில் யார் பகல் பன்னிரண்டுக்கு மேல் கூப்பிட்டால் வரமாட்டார், அவர் யாருடைய கடைத் திண்டில் படுத்துத் தூங்குவார். பெண்கள் எல்லாம் தெருவில் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்கலையன்று நம் வாசலில் அடுப்புக் கூட்டும் அந்தப் பாறசாலைக் குடும்பத்துக்கு எந்தச் செங்கல், அது வருஷம் முழுக்க நம் கடையில் எந்த மூலையில் இருக்கும்.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கையே வலித்துவிட்டது. இடையில் ஒரே ஒரு தடவை எழுந்து டீ போட்டேன். திரும்பி வந்தால் டீயைக் கையில் வாங்காமலே "அந்த மூணாவது கடை மாடியில மின்னே ஒரு டைப்ரைட்டிங் கிளாஸ் இருந்துது, எழுதினியா?" என்கிறார். அந்த கிளாஸில்தான் நான் டைப் படித்தேன். ஜன்னல் வழியாகக் கீழே இரும்புக் கடையில் நின்ற ஒரு ஆளைப் பார்த்திருக்கிறேன். அதைக் கலைக்களஞ்சியத்தில் எழுத முடியாது, ஆதாரம் கேட்பார்கள்.

நிறுத்திப் பார்த்தபோது நாலு பக்கம் வந்திருந்தது. அதில் முக்கால்வாசிக்கும் அச்சில் ஆதாரம் கிடையாது, கத்தரி கைவைத்தால் ஐந்தாறு வரிதான் மிஞ்சும் என்பது எனக்கு அப்போதே தெரியும். பிற்பாடு அப்படித்தான் ஆயிற்று. பொது நூலகத்தில் பழைய விழா மலர்களைப் புரட்டி நான் கண்டுபிடித்த இரண்டு ஆதாரங்களுக்கு ஆறு வரி தேறியது. அந்த ஆறு வரியும் இப்போது ஆரியசாலைக் கட்டுரைக்குள் ஒரு பத்தியாக, ஒழுங்காக, அடக்கமாக இருக்கின்றன. எனக்கு அதில் வருத்தமில்லை. கத்தரி சொன்னது நியாயம்.

ஆனால் அன்று மதியம் அந்த நாலு பக்கத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தார். படித்து முடித்துவிட்டுத் திரையில் பக்கத்து ஜன்னலில் இருந்த அந்த ஐந்து வரியையும் படித்தார். இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷி இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"எனக்கு அங்க வந்து இருக்க இஷ்டமில்லை" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை வருசம் ஆகட்டும்னு சொன்னேன். அது பொய். எனக்கு இந்தச் சந்துதான் வேணும். இந்தத் தும்மல் வேணும். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி."

முப்பத்து நாலு வருஷத்தில் நான் இவரோடு சண்டை போட்டிருக்கிறேன், தட்டை நகர்த்தி வைத்திருக்கிறேன், மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் இப்படி நேராக, என் ஆசை இது என்று ஒன்றைச் சொன்னதில்லை. அவர் எழுந்தார். கொடியில் கிடந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். கீழே ஷட்டர் பாதி ஏறும் சத்தம் கேட்டது. லீவு நாளில் அவர் கடையைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

பயந்துவிட்டேன். மனுஷன் வாழ்நாள் முழுக்கக் கட்டிய கோட்டையை ஒரு மழை மதியத்தில் இடித்துவிட்டோமே என்று இருந்தது. போய்க் கூப்பிடலாமா, வேண்டாமா என்று படியருகே இரண்டு தடவை போய்த் திரும்பினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

மேலே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி" என்றார்.

"சொல்லுங்க."

"எனக்கும் அங்க ஆரையும் தெரியாதுட்டி."

கடைக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த மாதிரி, அவ்வளவு மெல்லச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை, கடைக்கு இறங்கும் முன்னால், தம்பி மகனுக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஒலிபெருக்கியைப் போட்டார். அஸ்திவாரம் வேண்டாம், கொத்தனாரிடம் சொல்லிவிடு, பழைய வீட்டுக்கு ஓடு மட்டும் மாற்றினால் போதும் என்றார். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று முந்தின ராத்திரியே யோசித்து வைத்திருந்தார். முதுகுவலி, டாக்டர் பிரயாணம் கூடாது என்கிறார் என்று ஒரு கதை. அவன் காரணமே கேட்கவில்லை.

"அதும் சரிதான் பெரியப்பா" என்றான். குரலில் நிம்மதி நன்றாகவே தெரிந்தது. "நான் எப்படிச் சொல்லுததுன்னு இருந்தேன். இங்க வந்து நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீங்க? பேசாம அங்கனயே இருங்க. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், லீவுக்கு எல்லாரும் உங்க ஊருக்கு வாறோம்."

இவர் கையிலிருந்த போனையே பார்த்தார்.

"எங்க ஊருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா பெரியப்பா. திருவனந்தபுரத்துக்கு."

"வாங்கடே" என்றார். மறுபடியும் சொன்னார். "வாங்க, வாங்க. எல்லாரும் வாங்க."